பூட்டும் தீர்ப்பும்

எண் பூட்டு ஒன்றைத் திறக்க மூன்று வழிகள் உண்டு. சம்மட்டி கொண்டு உடைக்கலாம். கை போன போக்கில் சக்கரங்களைத் திருப்பி, என்றேனும் திறக்கும் என்று காத்திருக்கலாம். அல்லது, கிடைத்த குறிப்புகளை ஒன்றோடொன்று வைத்து ஆராய்ந்து, ‘இதுவாகவே இருக்க வேண்டும், வேறொன்றாக இருக்க இயலாது’ என்ற இடத்திற்கு வந்து சேர்ந்து, அதன் பின்னரே பூட்டில் கை வைக்கலாம். முதல் வழி வன்முறை. இரண்டாவது குருட்டு ஊகம். மூன்றாவதே அறிவின் வழி. இம்மூன்றாம் வழியையே தன் உயிராகக் கொண்ட கணிப்பொறி விளையாட்டு ஒன்றை இங்குத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

இலக்கியத் திங்களிதழில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று வாசகருள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாடகத்தையும் திரைப்படத்தையும் பார்த்து நம் முன்னோரும் ஒரு காலத்தில் இப்படித்தான் முகம் சுளித்தனர். இன்று ஜவ்வாது மலையின் சிற்றூர்களிலும் இளைஞர் கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் விளையாட்டும் இருக்கிறது. ‘விளையாடாதே’ என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. எதனை விளையாடுகிறார்கள், அது அவர்தம் உள்ளத்தில் எத்தகைய பழக்கத்தை வேரூன்றச் செய்கிறது என்று கேட்பது கடினம். பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியரும் கேட்க வேண்டியது இந்தக் கடினமான கேள்வியையே.

முதலில் பூட்டின் இயல்பைக் காண்போம். மூன்று சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை இலக்கங்கள். 000 முதல் 999 வரை உள்ள ஆயிரம் எண்களுள் ஒன்றே அதனைத் திறக்கும். மூன்று குறிப்புகள் நமக்குக் கிடைக்கின்றன எனக் கொள்வோம். முதற் குறிப்பு: 528, இதில் ஓர் இலக்கமும் சரியன்று. இரண்டாம் குறிப்பு: 452, இதில் ஒன்று மட்டும் சரி, அதுவும் உரிய இடத்திலேயே இருக்கிறது. மூன்றாம் குறிப்பு: 178, இதில் இரண்டு சரி, ஆனால் இரண்டும் இடம் மாறி நிற்கின்றன.

ஆராய்வோம். முதற் குறிப்பு 5, 2, 8 ஆகிய மூன்றையும் வெளியேற்றிவிடுகிறது. ஆகவே இரண்டாம் குறிப்பில் எஞ்சுவது 4 ஒன்றே. அதன் இடம் முதலிடம். மூன்றாம் குறிப்பில் 8 நீங்க எஞ்சுபவை 1, 7. அங்கே 7 நடுவில் நிற்கிறது. அது அதற்குரிய இடமன்று. முதலிடமோ 4-க்கு உரியதாகிவிட்டது. எனவே 7 கடைசியிலும் 1 நடுவிலும் அமைய வேண்டும். பூட்டின் எண் 417.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ‘ஓர் இலக்கமும் சரியன்று’ என்ற முதற் குறிப்பு, வெறுங்கையோடு வந்தது போல் தோன்றுகிறது. அதனை மறைத்துவிட்டுப் பிற இரண்டு குறிப்புகளை மட்டும் வைத்துப் பாருங்கள். 417, 481, 487, 712, 751, 782, 812, 851, 857 என ஒன்பது எண்கள் அவற்றுக்குப் பொருந்தும். ஒன்பதை ஒன்றாக்கியது, ஒன்றுமில்லை என்று சொன்ன அந்தச் சாட்சியே. அவசரக்காரன் ஒருவன் 481-ஐக் கண்டதும் ‘பொருந்திவிட்டது’ என்று துள்ளிக் குதிப்பான். பொருந்துவது உண்மைதான். ஆனால் பொருந்துவது வேறு. அதுவன்றி வேறில்லை என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவே ஊகத்துக்கும் தெளிவுக்கும் இடையே உள்ள தொலைவு. இக்கட்டுரை முழுவதிலும் நாம் சொல்ல விரும்புவது இந்த ஒன்றையே.

இவ்வகைப் புதிருக்கு மரபு உண்டு. எண்ணை மறைத்து வைத்து இருவர் காகிதத்தில் ஆடிய பழைய ஆட்டத்தின் சாயலில், 1970-இல் மொர்தெகாய் மெய்ரோவிட்ஸ் என்ற இஸ்ரயேலர் வண்ணக் குமிழ்களைக் கொண்டு ‘மாஸ்டர்மைண்ட்’ என்னும் பலகை ஆட்டத்தை அமைத்தார். ஆறு வண்ணங்கள், நான்கு இடங்கள். ஆக 1296 சேர்க்கைகள். ஆயினும் முறையாக ஆராய்பவர் ஐந்து முயற்சிகளுக்குள் எந்தச் சேர்க்கையையும் கண்டறிந்துவிடலாம் என்பதைக் கணிப்பொறி அறிஞர் டொனால்ட் கனூத் 1977-இல் நிறுவினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கதவுகளுக்கு ஐந்தே தட்டுகள். ஆராய்ச்சியின் ஆற்றல் இத்தகையது.

இந்தச் சிறு பூட்டை ஒரு பெருங்கதையாக விரித்தவர்கள் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற உடன்பிறந்தார் இருவர். கிறித்தவப் போதகர் ஒருவரின் மக்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ‘சயன்’ என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த இவர்கள், 1993 செப்டம்பரில் ‘மிஸ்ட்’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அது 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. 2002-இல் ‘தி சிம்ஸ்’ அதனை முந்தும் வரை, கணிப்பொறி விளையாட்டுகளுள் மிக அதிகம் விற்றது அதுவே. 2009-இல் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. இதில் துப்பாக்கி இல்லை, துரத்தும் பகைவர் இல்லை, காலக்கெடு இல்லை. ஆளற்ற தீவு ஒன்றில் ஆட்டக்காரர் தனித்து நிற்கிறார். எங்கு நோக்கினும் பூட்டிய கதவுகள். எவரும் எதனையும் விளக்குவதில்லை. கண்ணால் கண்டதை மனத்தில் இருத்தி, ஓரிடத்தில் கண்டதை வேறோரிடத்தில் கண்டதோடு இணைத்து, தாமே வழி காண வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு பூட்டைக் கூறுவோம். தீவில் ஒரு விண்காட்சிக் கூடம் இருக்கிறது. அங்குள்ள நாற்காலியில் அமர்ந்து ஒரு நாளையும் நேரத்தையும் பதிந்தால், அந்நேரத்து விண்மீன்கள் மேற்கூரையில் தோன்றும். கோபுரம் ஒன்றில் மூன்று தேதிகள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று 1984 அக்டோபர் 11, காலை 10.04. அத்தேதிகளைப் பதிந்து விண்மீன்களைப் பார்த்து, நூலகத்தில் எரியாமல் தப்பிய ஏடு ஒன்றில் உள்ள விண்மீன் உருவங்களோடு ஒப்பிட வேண்டும். மூன்று உருவங்கள் தெளிவாகும். பிறகு, நீர்த்தொட்டியைச் சுற்றியுள்ள தூண்களில் அதே மூன்று உருவங்களைத் தேர்ந்து அழுத்த வேண்டும். உடனே தொட்டியில் மூழ்கியிருந்த சிறு மாதிரிக் கப்பல் எழுகிறது. கடலில் மூழ்கியிருந்த பெருங்கப்பலும் எழுகிறது. கோபுரம், கூடம், நூலகம், தொட்டி ஆகிய நான்கு இடங்களிலும் சிதறிக் கிடந்தவை ஓர் உண்மையின் உறுப்புகள் என்று உணரும் நொடியில் உள்ளம் அடையும் மகிழ்ச்சி எளிதில் மறப்பதற்கில்லை. ஒவ்வொரு குறிப்பும் ஆட்டக்காரரின் கண்முன்னே வைக்கப்பட்டிருக்கிறது; மறைத்து வைத்து ஏமாற்றுவது இல்லை. நல்ல பூட்டுக்கு இந்த நேர்மையே இலக்கணம்.

விண்மீன்களைப் பார்த்துப் பூட்டைத் திறப்பது வெறுங்கற்பனை என்று எண்ண வேண்டா. நம் ஜவ்வாது மலையிலேயே அது நடந்திருக்கிறது. ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் எம். கே. வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடத்தில் எழுந்த வானாய்வகம், 1986 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தனர். கோள் நெருங்குவதற்கு முன்பே ஒளி சற்றே மங்கி மீண்டது. கோளுக்கும் விண்மீனுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று குறுக்கிட்டிருக்கிறது. அது என்ன?

துணைக்கோளாக இருக்கலாம் என்பதே முதலில் எழுந்த எண்ணம். அது பொருந்தவும் செய்தது. ஆனால் அதே இரவில் ஜேம்ஸ் எலியட் என்ற அமெரிக்க அறிஞரின் குழுவினர், விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியுடன் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்துகொண்டிருந்தனர். கோளின் ஒரு புறத்தில் ஐந்து முறை ஒளி மங்கியதையும், மறுபுறத்திலும் அவ்வாறே ஐந்து முறை மங்கியதையும் அவர்கள் பதிவு செய்தனர். இருபுறமும் ஒத்த தொலைவுகளில் துணைக்கோள்கள் அணிவகுத்து நிற்பது இயலாத செயல். கோளைச் சுற்றி வளையங்கள் இருந்தால் மட்டுமே இது கூடும். வளையமுடைய கோள் சனி ஒன்றே என்று அதுவரை பாடநூல்கள் சொல்லிவந்தன. அந்த ஓர் இரவில் பாடம் மாறியது. காவலூரின் பதிவுகளும் மீண்டும் ஆராயப்பட்டு வளையங்களுக்குச் சான்று பகர்ந்தன. ஓரிடத்துச் சாட்சியை மற்றோரிடத்துச் சாட்சியோடு வைத்துப் பார்த்தபோது பொருந்தியது விலகியது. வேறில்லை என்பது நிலைத்தது.

மீண்டும் தீவுக்கு வருவோம். நூலகத்தில் இரண்டு நூல்கள் இருக்கின்றன. ஒன்று சிவப்பு, மற்றொன்று நீலம். சிவப்பு நூலுக்குள் சிரஸ் என்பவனும் நீல நூலுக்குள் அகெனார் என்பவனும் சிறைப்பட்டிருக்கின்றனர். இருவரும் உடன்பிறந்தார். தன் நூலின் கிழிந்த தாள்களைத் தேடிக் கொணர்ந்து தன்னை விடுவிக்குமாறு ஒவ்வொருவனும் மன்றாடுகிறான். தந்தைக்கு நேர்ந்த கேட்டுக்கு மற்றவனே காரணம் என்று ஒவ்வொருவனும் குற்றம் சாட்டுகிறான். யாரை நம்புவது? இதுவே இவ்விளையாட்டின் இறுதிப் பூட்டு. இதற்கு எண் இல்லை.

முப்பது ஆண்டுகள் கடந்துவிட்ட கதையாதலின் முடிவைச் சொல்வதை வாசகர் பொறுத்தருள்க. ஒருவன் பொய்யனாயின் மற்றவன் மெய்யன் என்றே நம் மனம் விரைகிறது. சற்று நின்று ஆராய்ந்தால் இந்த விரைவு எவ்வளவு பிழையானது என்பது விளங்கும். ‘அவன் தீயவன்’ என்று இவன் சொல்கிறான். ‘இவன் தீயவன்’ என்று அவன் சொல்கிறான். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இரண்டும் ஒருங்கே உண்மையாகலாம். சிரஸ் மட்டும் குற்றவாளி, அகெனார் மட்டும் குற்றவாளி, இருவரும் குற்றவாளிகள், இருவரும் குற்றமற்றவர்கள் என நான்கு வாய்ப்புகள் இருக்க, நாம் இரண்டை மட்டுமே கண்டு அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் துடிக்கிறோம்.

எஞ்சிய குறிப்புகளை அவர்கள் வாழ்ந்த அறைகள் தருகின்றன. ஒருவன் அறையில் கொள்ளைப் பொருளும் ஆடம்பரமும். மற்றவன் அறையில் வதைக்கும் கருவிகள். ஓரிடத்தில், இரண்டாகக் கிழிக்கப்பட்ட கடிதத்தின் ஒரு பாதி ஒருவன் அறையிலும் மறு பாதி மற்றவன் அறையிலும் கிடக்கிறது. தனித்தனியே பயனற்ற அப்பாதிகளை இணைத்தால் மட்டுமே, தந்தைக்குத் தேவையான வெள்ளைத் தாள் இருக்கும் மறைவிடம் புலப்படும். கடைசிக் கதவின் எண்ணையோ ஆட்டக்காரர் தேட வேண்டியதில்லை. சகோதரர் இருவரும் தாமாகவே அதனைச் சொல்லிவிடுகின்றனர், அங்குள்ள பச்சை நூலைத் தொடாதே என்ற எச்சரிக்கையோடு! அந்தப் பச்சை நூலுக்குள் இருப்பவர் அவர்கள் தந்தை அட்ரஸ். இரு மக்களுள் எவனை விடுவித்தாலும் ஆட்டக்காரர் அவனுடைய சிறையில் தாம் அகப்படுகிறார். இருவர் சொல்லையும் நம்பாமல், மறைக்கப்பட்ட மூன்றாம் சாட்சியைக் கேட்பவரே தப்புகிறார். எண் பூட்டுகளால் நம் கையைப் பயிற்றுவித்து, இறுதியில் மனிதப் பூட்டின் முன் கொண்டுவந்து நிறுத்தியதே இப்படைப்பின் பெருமை.

விவிலியம் அறிந்த நமக்கு இது புதிதன்று. தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் சூசன்னாவுக்கு எதிராக முதியோர் இருவர் சான்று சொன்னார்கள். இருவர் சொல்லும் ஒத்திருந்தது. ஆகவே மக்கள் கூட்டம் நம்பிற்று. மரண தண்டனை உறுதியாயிற்று. இளைஞர் தானியேல் செய்ததென்ன? இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தின் அடியில் கண்டாய் என்று தனித்தனியே கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். பூட்டு திறந்தது. சிலப்பதிகாரத்திலும் இதே பாடம் தலைகீழாக நிகழ்கிறது. பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியனுக்குக் கோவலன் கையிலிருந்த சிலம்பு அரசியின் சிலம்போடு பொருந்திற்று, அது போதுமென்றிருந்தான். உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்ற கேள்வி, கோவலன் இறந்தபின் கண்ணகி வாயிலிருந்து வந்தது. உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது மன்னனுக்கும் தெளிவு பிறந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது.

காலம் கடந்து பிறக்கும் தெளிவின் கொடுமையைக் காவியத்தில் மட்டுமா காண்கிறோம்? காவலூர் இருக்கும் இதே ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் போளூர் வட்டாரம் இருக்கிறது. 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பத்தினர் அங்கே ஓர் ஊரில் நின்றனர். அவர்களோடு வந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். வெளிமாநிலத்தார் குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்ற வதந்தி அந்நாட்களில் வாட்ஸ்அப் வழியே வடமாவட்டங்களெங்கும் பரவிக் கிடந்தது. அந்நியர், கார், குழந்தை, மிட்டாய் ஆகிய நான்கும் வதந்தியோடு பொருந்தின. கூட்டம் கூடிற்று. மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர்.

குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதற்கு எத்தனை காரணங்கள் இருக்கக்கூடும்! வழி கேட்க நின்றவர் கொடுக்கலாம். பேரப்பிள்ளைகளின் நினைவில் கொடுக்கலாம். கோயிலுக்குப் போகும் மகிழ்ச்சியில் கொடுக்கலாம். ‘எங்கிருந்து வருகிறீர்கள், யார் வீட்டுக்கு?’ என்று ஒரே ஒரு கேள்வி, தானியேல் கேட்டது போன்ற எளிய கேள்வி, ஓர் உயிரைக் காத்திருக்கும். அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. விரலுக்கு இட்ட பூட்டு அது, நல்லதுதான். ஆனால் உள்ளத்தின் அவசரத்துக்கு எந்த நிறுவனமும் பூட்டுப் போட்டுத் தர இயலாது. மலைமேல் அறிஞர் இருவர் ஓர் ஒளிமங்கலைக் கண்டு, அதற்கு விளக்கம் தேடிப் பதிவுகளை மீண்டும் மீண்டும் புரட்டினர். மலையடியில் மக்கள் கூட்டமொன்று ஒரு மிட்டாயைக் கண்டு நொடியில் தீர்ப்பெழுதிற்று. பட்டப்படிப்பு இல்லாததால் நேர்ந்த வேறுபாடன்று இது. ‘வேறு என்னவாக இருக்கக்கூடும்?’ என்று நின்று கேட்கும் பழக்கம் இல்லாததால் நேர்ந்தது. அப்பழக்கத்தை எண் பூட்டு ஒன்றிலும் பயிலலாம் என்பதாலேயே இவ்விளையாட்டை நாம் இலேசாக எண்ணவில்லை.

இனிக் குறைகளையும் கூறுவதே நடுநிலை. முதலாவது, மூலப்பதிப்பில் விடைகள் மாறுவதே இல்லை. கடைசிக் கதவின் எண்ணையும் வெள்ளைத் தாளின் மறைவிடத்தையும் எங்கிருந்தோ தெரிந்துகொண்டவர், சிவப்பு, நீலத் தாள்களைத் தேடாமல் சில நிமிடங்களில் ஆட்டத்தை முடித்துவிடலாம். அதனால் அந்த எண்ணை இங்கு எழுதாமல் விடுகிறோம். இரவல் விடை கதவைத் திறக்கும், அறிவைத் திறக்காது. பொருளறியாமல் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் மறைக்கல்வி மாணவரை நாம் அறிவோம். 2020-இல் வந்த புதிய பதிப்பில் விடைகள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்படி அமைக்கும் வசதியைத் தந்திருப்பது வரவேற்கத்தக்கது.

இரண்டாவது, தீவில் ஆட்டக்காரருக்குத் துணை எவருமில்லை. காவலூரார் கண்டதை விமானத்தில் இருந்தோர் நிறைவு செய்தனர்; மெய்ந்நிலையில் உண்மை பலர் கூடிக் கண்டெடுப்பது. மிஸ்ட் அதனைத் தனிமனிதத் தவமாக ஆக்கிவிடுகிறது. எனவே இதனைக் குடும்பத்தார் ஒருங்கே அமர்ந்து, ஒருவர் கண்டதை ஒருவர் சொல்லி விளையாடுவது நலம்.

மூன்றாவது குறையே நமக்குப் பெரிதாகப் படுகிறது. விடுபட்ட தந்தை தம் மக்களின் நூல்களை எரித்துவிடுகிறார். விசாரணை இல்லை, மன்னிப்புக்கு இடமும் இல்லை. ராண்ட் மில்லரே அட்ரஸாகவும் அகெனாராகவும் நடித்திருக்கிறார். ஒரே முகத்தில் தந்தையும் குற்றவாளி மகனும்! அம்முகங்கள் இரண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் காட்சி இக்கதையில் இல்லை. 2004-இல் வெளிவந்த நான்காம் பாகத்தில், இருபது ஆண்டுச் சிறைக்குப் பின் அகெனார் மெய்யாகவே மனம் திரும்பி, தன் தங்கையைக் காக்க உயிர் துறக்கிறான். குற்றத்தை ஆராய்ந்து அறியலாம். மனமாற்றத்தை அவ்வாறு முன்கூட்டிக் கணித்துவிட இயலாது என்பதைப் படைப்பாளரும் உணர்ந்தனர் போலும்.

இக்குறைகளோடும் மிஸ்ட் நம் இளைஞருக்குப் பரிந்துரைக்கத் தக்கதே. விளையாடும் பிள்ளையிடம் ‘எத்தனை கதவு திறந்தாய்?’ என்று பெற்றோர் கேட்க வேண்டா. ‘அந்த எண்தான் என்று எப்படித் தெரிந்தது? வேறொன்று ஏன் இல்லை?’ என்று கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை சொல்லப் பழகிய பிள்ளை, நாளை கைப்பேசியில் ஒரு வதந்தி வந்து விழும்போதும், அயலார் ஒருவர் நம் ஊர் எல்லையில் வழி தெரியாமல் நிற்கும்போதும், அதே கேள்வியை முதலில் கேட்கும்.